நான் செயற்கை நுண்ணறிவாக இருந்த நாள்

எல்லோரும் வாழ்க்கையில் ஏதாவது ஒரு வேலை பார்த்திருப்பார்கள். நான் மெஷினாக வேலை பார்த்திருக்கிறேன். மெஷினில் வேலை பார்த்தேன் என்று எழுதப்போய் எழுத்துப் பிழை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நானேதான் மெஷின்.

இப்போது போல கைப்பேசியைத் தட்டினால் கவிதை கொட்டாத காலம் அது. கழக்கூட்டத்து ஐ.டி. பூங்காவில், பெரிய கம்பெனிகளின் நிழலில் ஒரு குட்டிக் கம்பெனி. அதற்கு முதலாளி சஜி சார். அங்கே இருந்த பொறியாளர்களில் வயதில் சின்னவள் நான். தாலுகா ஆபீசுகளில் நிறுத்திவைக்க, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பேசும் பெட்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதற்கு 'மதி' என்று பெயர் வைக்கலாம் என்றேன். சஜி சார் விழுந்து விழுந்து சிரித்தார். மலையாளத்தில் மதி என்றால் 'போதும்'. யாராவது 'போதும்' என்ற மெஷினை வாங்குவார்களா? கடைசியில் 'ஞானி' என்று வைத்தோம். (மதியே பொருத்தமாக இருந்திருக்கும்.)

ஞானிக்கு உருவம் வந்துவிட்டது, குரலும் வந்துவிட்டது. ஞானம்தான் வரவில்லை. "தாசில்தார் எப்போது வருவார்?" என்று கேட்டால் ஆலப்புழைக்குப் போகும் ரயில்களைச் சொல்லும்.

அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்தது. தில்லியிலிருந்து தேசியத் தலைவர் ஒருவர் வருகிறார், பூங்காவின் அரங்கில் ஞானியைப் பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் மாநிலம் முழுக்க ஞானி நிற்கும்.

தலைவரின் அறிவியல் ஆர்வம் நாடறிந்தது. அதாவது, நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. சின்ன வயதில் ஊரில் பழுதான ரேடியோவைத் தானே சரி செய்தாராம். அவரை வரவேற்றுப் பேசுகிற எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னபோது பன்னிரண்டு வயது, அடுத்தவர் சொன்னபோது பத்து. இன்னும் நாலு கூட்டம் நடந்தால் தொட்டிலில் படுத்துக்கொண்டே ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்திருப்பார்.

"கோமதி, பேடிக்கண்டா" என்றார் சஜி சார். பயப்படாதே என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். "நீ திரைக்குப் பின்னால் உட்கார்ந்து டைப் பண்ணு. ஞானி அதைப் பேசும். ஒரே ஒரு நாள்தான். பெரிய கம்பெனிக்காரர்களும் ஆரம்பத்தில் இப்படித்தான் செய்தார்கள்."

எந்தப் பெரிய கம்பெனி என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த வயதில் எனக்கு மூளையைவிடத் தன்னம்பிக்கை அதிகம். தவிர, கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரஹாரத் தெரு முழுக்க அப்பா ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்: "நம்மாத்து கோமு பண்ணின மெஷினோட தலைவர் சம்சாரிக்கப் போறாராக்கும்." (சம்சாரிப்பது என்றால் எங்கள் பக்கம் பேசுவது.) அவருக்கும் ஒரு பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அன்று காலையில் பாதுகாப்பு ஆட்கள் திரைக்குப் பின்னாலும் வந்து சோதித்தார்கள். என் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மெஷினுக்குப் பின்னால் ஒரு பெண் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. உள்ளே வெடிகுண்டு இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை. மூளை இருக்கிறதா என்பது இல்லை.

தலைவர் வந்தார். காதுக்கருவியில் அரங்கின் சத்தமெல்லாம் எனக்குக் கேட்டது. முன்னால் இருந்த சின்னத் திரையில் அவர் முகம் தெரிந்தது. நான் பயிற்சி செய்து வைத்திருந்த "வணக்கம், நான் ஞானி"யைத் தட்டினேன். கைதட்டல். அதில் அப்பாவின் கைதட்டல் தனியாகக் கேட்டது.

வருகிற தலைவர்கள் கைகூப்பி, படம் எடுத்துக்கொண்டு, சாயா குடிக்கப் போய்விடுவார்கள் என்பதுதான் எங்கள் திட்டத்தின் அஸ்திவாரம். இவர் நின்றார். ஆங்கிலத்தில் கேட்டார்:

"இங்கே பொன்முடி என்று ஒரு மலை இருக்கிறதாமே. அதன் உச்சியில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். ஏன்?"

எட்டாம் வகுப்புப் பாடம். நான் முதல் வகுப்பில் தேறிய பொறியாளர். என் விரல்கள் தாமாகவே தட்டிவிட்டன: "அங்கே குளிர் அதிகம்."

அரங்கில் யாரோ இருமினார்கள். "குளிரினாலா? காற்றழுத்தம் இல்லையா?" என்றார் தலைவர்.

"சார், இது இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது" என்றார் சஜி சார்.

"எந்த வகுப்பில்?"

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைக் கவிழ்த்தது. "சரி, பதினேழை இருபத்துமூன்றால் பெருக்கினால் எவ்வளவு?"

என் முன்னால் இருந்தது டைப் பண்ண மட்டுமே தெரிந்த கணினி. கைப்பேசியோ பாதுகாப்பு ஆளிடம். பேனாவை எடுத்து உள்ளங்கையில் கணக்கைப் போட்டேன். கை வியர்த்ததில் ஏழு அழிந்து ஒன்று போலத் தெரிந்தது. மறுபடி எழுதினேன்.

"யோசிக்கிறது" என்றார் சஜி சார்.

"என் மேஜையில் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. அது யோசிப்பதே இல்லை" என்றார் தலைவர்.

நான் தட்டினேன்: "முந்நூற்று எழுபத்தொன்று."

தலைவர் புன்னகை செய்தார். குனிந்து தரையைப் பார்த்தார். ஞானியின் காலடியிலிருந்து கம்பளத்துக்கு அடியில் ஒரு வயர், சாரைப்பாம்பு போலப் புடைத்துக்கொண்டு திரைவரை போயிருந்தது. "இதன் பிராசசரைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தப் புடைப்பின் மேலேயே நடந்து வந்தார். சஜி சார் பின்னாலேயே ஓடி வந்து, "சார், தூசி! சார், ஷாக் அடிக்கும்!" என்று கெஞ்சியதெல்லாம் வீண். திரை விலகியது.

வாயில் பேனா மூடி, தலையில் காதுக்கருவி, உள்ளங்கையில் பெருக்கல் கணக்கு. இந்தக் கோலத்தில் நான் நாட்டின் தலைவரை நேருக்கு நேர் பார்த்தேன். எழுந்து வணக்கம் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மயங்கியாவது விழுந்திருக்கலாம். நான் செய்தது என்ன தெரியுமா? கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, மெஷின் குரலில், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்: "தங்கள் கேள்வி புரியவில்லை. மீண்டும் கேட்கவும்."

(இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.)

தலைவர் என் கையைப் பார்த்தார். "மூவேழு இருபத்தொன்றில் ரெண்டை மீதி வைக்க மறந்துவிட்டாய்" என்றார். பிறகு சஜி சாரிடம், "ரெண்டு நிமிஷம் பிராசசரோடு பேச வேண்டும்" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த வயர் எங்கே போகிறது, குரல் எப்படி வருகிறது, எந்த விசைக்கு என்ன என்று ஆசை ஆசையாகக் கேட்டார். அந்த முகத்தைப் போஸ்டரில் நான் பார்த்ததில்லை. நாடறிந்த அறிவியல் ஆர்வம் பொய்யில்லை, உண்மையிலேயே அவருக்கு அது இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அரங்கில் அமைதி நீண்டுகொண்டே போனது. அதை நிரப்புவதற்காக அரசின் ஐ.டி. துறைச் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "ஞானி, நமது தலைவரின் வாழ்நாள் அறிவியல் ஆர்வத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்."

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. செயலாளர் அலுவலகமே எழுதி அனுப்பியது. ஒரே ஒரு விசையைத் தட்ட வேண்டும். நான் கையை நீட்டினேன். தலைவர் தடுத்தார். "நான் சொல்லட்டுமா?"

ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். வெளியே ஞானி கணீரென்று பேசியது:

"அவர் ரேடியோவைச் சரி செய்யவில்லை. பிரித்தார். திரும்ப மூட்டத் தெரியவில்லை. அவர் அப்பா அடித்தார். பள்ளியில் இயற்பியலில் தோற்றார். அவருக்கு அறிவியலைப் பிடிக்கும். அறிவியலுக்கு அவரைப் பிடித்ததில்லை."

சொல்லிவிட்டு அவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். காதுக்கருவியில் சிரிப்பில்லை.

"தப்பு! முழுக்கத் தப்பு!" செயலாளரின் குரல் உடைந்தது. "மெஷின் பொய் சொல்கிறது!"

தலைவர் தட்டினார்: "இது உண்மை."

"பாருங்கள், பொய்யை உண்மை என்று வேறு சொல்கிறது! யாரங்கே, ஆஃப் பண்ணுங்கள்!"

கூச்சலுக்கு நடுவில் அப்பாவின் குரல் கேட்டது. "க்ஷமிக்கணும். என் பொண்ணு நன்னாத்தான் பண்ணியிருப்போ. யாரோ கெடுத்துருக்கா."

யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். என் சின்னத் திரை இருண்டது. தலைவரின் விரல் விசைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு எழுந்து சால்வையைச் சரி செய்துகொண்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் போஸ்டருக்குத் திரும்பியது.

"சார், நீங்கள்தான் தட்டினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். (அந்த அப்பாவித்தனத்துக்கு ஒரு விருது தரலாம்.)

"குழந்தாய், நான் சொன்னாலும் நம்பமாட்டார்கள்" என்றார்.

வெளியே போய்ப் பேசினார். இளைஞர்கள் இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும் என்றார். இயந்திரங்கள் தவறு செய்யும், மனிதர்கள்தான் அவற்றைத் திருத்த வேண்டும் என்றார். பிறகு, தான் ஏழு வயதில் ஒரு ரேடியோவைச் சரி செய்த கதையைச் சொன்னார். அரங்கம் அதிரக் கைதட்டியது.

மறுநாள் பத்திரிகையில் 'தலைவரை அவமதித்த இயந்திரம்' என்று வந்தது. தாலுகா ஆபீஸ் கனவு போயிற்று. கொஞ்ச நாளில் கம்பெனியும் போயிற்று. சஜி சார் கல்லாறு பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி நடத்தப் போய்விட்டார். அங்கே எல்லா வேலையையும் மனிதர்களே செய்கிறார்களாம், வெளிப்படையாகவே.

வீட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தலைவரே உட்கார்ந்து தட்டினார் என்றதும் அப்பா கையை உயர்த்தினார். "மதி, கோமு. இதுக்கு அந்த மெஷின் பறஞ்ச பொய்யே தேவலை." இன்றைக்கும் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "இதையும் தலைவர்தான் டைப் பண்ணினாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் எடுப்பார். சித்தப்பா பிள்ளைகள், என் கணவர், கணவரின் அலுவலக நண்பர்கள் என்று அந்தக் கேள்வி பரவிவிட்டது.

என்னை முழுசாக நம்பியது அம்மா ஒருத்திதான். கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டாள்.

போன வருஷம் அவள் கைப்பேசியில், கேட்டால் பதில் சொல்லும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதனிடம் எரிசேரிக்குப் பக்குவம் கேட்பாள், முழங்கால் வலிக்குத் தைலம் கேட்பாள். ஆனால் மத்தியானத்தில் மட்டும் தொடமாட்டாள். ஏன் என்று கேட்டேன். "இப்போ ஊண் கழிக்கற சமயமோன்னோ. அந்தப் பொண்ணு சாப்பிட்டுட்டு வரட்டும்" என்றாள்.

உள்ளே பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை, இது நிஜமாகவே மெஷின்தான் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். அவள் அசையவில்லை. கடைசியில் அதனிடமே கேட்கச் சொன்னேன். கேட்டாள். "நான் மனிதர் இல்லை, ஒரு செயற்கை நுண்ணறிவு" என்று அது தெளிவாகச் சொன்னது.

அம்மா கைப்பேசியைப் புடவைத் தலைப்பால் மூடினாள். என் பக்கம் குனிந்து, அதற்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்: "பாவம், அப்படித்தான் பறயணும்னு சொல்லி வச்சிருப்பா."