வீங்கிய கன்னமும் தேசூர்க் கவிஞரும்

திருவண்ணாமலை,
19-8-1981, புதன்கிழமை.

வேலூரில் மின்விசிறிக்கு அடியில் உத்தியோகம் பார்க்கும் என் அருமைக் கொழுந்தனார் பலராமன் அவர்களுக்கு, அண்ணி கஸ்தூரி எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் தயவில் இங்கு அனைவரும் சுகம், சந்திரகலாவின் இரண்டு கன்னங்களைத் தவிர. அங்கு உங்கள் சுகத்துக்கும், சரசுவின் சுகத்துக்கும், அவள் போட்ட புடலங்கொடியின் சுகத்துக்கும் பதில் எழுதவும். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பிழை கண்டால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

விஷயம் என்னவென்றால் தம்பி, போன வெள்ளிக்கிழமை நம் சந்திரகலாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. என் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுப் படுக்க வைத்தேன். முகம் பூசணிக்காய், கழுத்தில் நகை, ஆயுத பூஜைக்கு வைத்தது போல இருந்தாள். அவளுக்கோ காய்ச்சலைவிட நோட்டுக் கவலைதான் ஜாஸ்தி. எட்டாவதில் எல்லோரும் ஒரு கவிஞரைப் பற்றி விவரம் சேகரித்து எழுத வேண்டுமாம், புராஜெக்ட்டாம். வருகிற திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நல்ல நோட்டு எதுவோ அதை எழுதின பெண் அன்றைக்குச் சாயங்காலப் பிரேயரில் மேடை ஏறி வாசிக்கலாம். இரண்டு வருஷமாக அந்த மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண், இப்படிப் படுத்துவிட்டதே என்று நானே போய் விவரம் கேட்டு வருவதாகச் சொன்னேன்.

"யாரைப் பத்திடி எழுதணும்?"

"தேஹிய ஆஹ்தான கவிஞழ்."

"யாரு, தேசூர் மஸ்தானா?"

வலியில் தலையை ஆட்டினாள். நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். என் மேல் என்ன தப்பு, சொல்லுங்கள்? தேசூரிலிருந்து வந்து தேரடி வீதியில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற மஸ்தான் பாய்தானே இந்த ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வாழ்த்துப்பா எழுதுகிறார்? உங்கள் கல்யாணத்தில்கூட, புதுச் செருப்பு கடித்து நீங்கள் நொண்டிக்கொண்டு வந்தபோது, 'சிங்கநடை போட்டு வரும் சீமான்' என்று உங்களைப் பாடி, மணப்பெண்ணே சிரித்தாளே, அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு நல்ல புத்தி எப்போது வந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, அவள் நோட்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை போய் நின்றேன்.

பாய் நோட்டின் அட்டையைப் பார்த்தார். பிறகு போய்க் கை மையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தொப்பி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன பாய், பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்துட்டீங்க?"

"இருங்க தங்கச்சி. முப்பது வருஷமா எழுதறேன். கல்யாணத்துக்குள்ள கிடைக்குமான்னுதான் எல்லாரும் கேட்டிருக்காங்க. நீ எங்க பொறந்தே, எப்படி எழுத ஆரம்பிச்சேனு ஒருத்தர் கேட்டதில்ல."

"இப்ப நான் கேக்கறேன். மொதல் பாட்டு யாருக்கு எழுதினீங்க?"

"எங்க வீட்டு ஆட்டுக்கு. காணாமப் போச்சு. எதுகை மோனையோட நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். திருடினவன் படிச்சுட்டு, கண்ணைத் தொடைச்சுக்கினே ஓட்டிக்கினு வந்து விட்டான்."

நான் இரண்டு வரி எழுதியதும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். பதினான்கு பக்கம் அவரே எழுதினார், தம்பி. படம் ஒட்டினார். பாய் வீட்டம்மா இரண்டு தடவை டீ கொடுத்தார்கள். கிளம்பும்போது, "திங்கக்கிழமை பாப்பா வாசிச்சா நானும் வந்து ஒரு ஓரமா நின்னு கேக்கலாமா?" என்றார். தாராளமாக வாங்க என்று நானே அழைத்துவிட்டு வந்தேன். கோட்டுகூட சலவைக்குப் போயிருக்கிறதாம்.

இன்று காலைதான் வீக்கம் கொஞ்சம் வற்றி, சந்திரகலா நோட்டைத் திறந்தாள். திறந்ததும் ஒரே கத்தல்.

"அம்மா! தேசூர் இல்லம்மா, தேசிய! மஸ்தான் இல்லம்மா, ஆஸ்தான! ஒரு நாட்டு அரசாங்கமே வெச்சுக்கிற கவிஞரும்மா!"

சிரித்தாள், கன்னம் வலித்தது, அழுதாள். உங்கள் அண்ணன் தசரதனார் வாய் திறந்தால் முத்து உதிருமே: "உனக்குக் காது குத்தினப்போ ஓட்டை வேற எங்கியோ போட்டுட்டாங்க போல" என்கிறார்.

ஆகவே தம்பி, இரண்டு உதவி வேண்டும். ஒன்று, வேலூர் நூலகத்துக்குப் போய், ஏதோ ஒரு நாட்டு ஆஸ்தான கவிஞரின் விவரத்தை எழுதி உடனே தபாலில் சேர்க்கவும். இரண்டாவதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, மஸ்தான் பாயிடம் மனசு நோகாமல் ஏதாவது பொய் சொல்லி, திங்கட்கிழமை அவரைப் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நிறுத்தவும். என்னால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொய் சொல்ல உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நீங்களும் சரசுவும் பதினாறும் பெற்று, பதினாறையும் எட்டாவது வரை படிக்க வைத்து, நான் படுகிற பாட்டையும் பட்டுச் சிறப்பாக வாழ ஆசீர்வதிக்கும்,
அண்ணி கஸ்தூரி.

பின்குறிப்பு: மேலே எழுதிய இரண்டு உதவியும் வேண்டாம். இதைத் தபாலில் போடச் சொல்லி உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன். கவர் ஒட்டப் பசை இல்லை என்று அந்த மகானுபாவர் எங்கே போனார் தெரியுமா? மஸ்தான் பாய் அச்சுக்கூடத்துக்கு! நீங்களே ஒட்டிப் போட்டுவிடுங்கள் என்று கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டும் வந்திருக்கிறார். சாயங்காலம் பாய் கடிதமும் கையுமாக வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"வெளிய வாங்க தங்கச்சி. அட்டையில பாப்பா 'தேசிய ஆஸ்தான கவிஞர்'னு அழகாத்தான் எழுதியிருந்தா. அன்னைக்கே படிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் பாய் சொல்லல?"

"நாலு நாள் நானும் ஆஸ்தான கவிஞரா இருந்துட்டுப் போறேனே."

இங்கிலாந்து ராணியின் ஆஸ்தான கவிஞர் பதவியைப் பற்றி நம் ஊர் நூலகத்திலேயே எட்டுப் பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தார். அந்தக் காலத்தில் சம்பளத்தோடு ஒரு பீப்பாய் ஒயினும் கொடுப்பார்களாம். "நமக்கு அது ஆகாது. காலி பீப்பாய் கொடுத்தா போதும், தண்ணி பிடிச்சு வெச்சுக்கலாம்" என்றார். தன்னுடைய பதினான்கு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடச் சொன்னார். சந்திரகலா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "முன்பக்கம் ராணியோட கவிஞர், பின்பக்கம் எங்க ஊரு கவிஞர். நீங்க கோட்டு போட்டுக்கினு வாங்க பாய்" என்று சொல்லிவிட்டாள்.

இதில் சிவப்பு மையில் இருக்கும் முப்பத்தேழு திருத்தங்களும் பாய் போட்டவை. நீங்கள் பொய் சொல்வதைப் பற்றிய வரியை மட்டும் தொடவில்லை. அதில் பிழை எதுவும் இல்லையாம்.