மூணுல ஒண்ணு போச்சு

புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அதை உடனே நாலு பேர் முன்னால் இயக்கிக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இது வியாதி என்கிறாள் என் மனைவி ஜெசிந்தா. இயற்பியல் வாத்தியாருக்கு இருக்கவேண்டிய தொழில் பழக்கம் என்கிறேன் நான். (வகுப்பில் நான் காட்டும் சோதனைகளில் பாதி சொதப்பும். அதற்கும் பையன்கள் கைதட்டுவார்கள். அதில் கெட்டுப்போனவன் நான்.) அந்த வியாதி முற்றி, என் கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதையை இப்போது என் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி அது எங்கெங்கோ போய்விட்டது. கடைசியாகக் கேட்டபோது காரை நான் கிணற்றில் இறக்கியிருந்தேன்.

செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு போவது நின்று கொஞ்ச நாள் ஆகியிருந்த சமயம். திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலேயே மூன்றாவதாகக் கார் வாங்கியவன் நான். வெள்ளைக் கார், பழசு. வாங்கிய மாதமே எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு டை கட்டிய ஒருவர் வந்தார். வண்டி நடுவழியில் நின்றால் ஒரு போன் போட்டால் போதும், ஆள் தேடி வந்து சரிசெய்வான், முடியாவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவான் என்றார். இரண்டு பிளான் வைத்திருந்தார். தங்கம் எடுத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம், உள்ளே இருப்பவர்கள் ஊர் போய்ச்சேர வேறு காரும் வரும். வெள்ளி எடுத்தால் வருடத்துக்கு மூன்று தடவைதான், வேறு கார் கிடையாது.

நான் கரும்பலகை இல்லாத குறையாக நிகழ்தகவு பேசினேன். நல்ல கார் ஒன்று வருடத்துக்கு எத்தனை தடவை நிற்கும்? அதிகம் போனால் ஒன்று. மூன்றே தாராளம். வெள்ளியில் கையெழுத்துப் போட்டேன். தாளின் முன்பக்கம் வண்ணப்படம். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து.

"பின்னாடி என்னமோ நெறைய எழுதியிருக்கே, படிச்சீங்களா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"அது எல்லாத்துலயும் இருக்கிறதுதான்" என்றேன். (மாணவர்களிடம் கேள்வித்தாளை இரண்டு முறை படி என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் இந்த ஆள்தான்.)

என் மாமனார் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மாப்ள, போன் போட்டா ஆள் வருவானா? எங்க வீட்டு மோட்டார ரிப்பேர் பாக்க மூணு நாளா ஒருத்தன் பின்னாடி அலையுறேன். இவன் ரோட்டுக்கே வந்துருவானாக்கும்!"

அவ்வளவுதான், எனக்கு உள்ளே சுறுசுறுவென்று ஏறிவிட்டது. மறுநாள் காலை வாசலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகுவதுபோல் பாவனை செய்து, "ஐயையோ, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். போனை எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். பேகம்பூர்க்காரர், காதர் பாய். கம்பெனிக்காகத் திண்டுக்கல் பக்கம் ஓடுகிற, காரை முதுகில் ஏற்றிக்கொள்ளும் பலகை லாரி அவருடையது. சாவியைத் திருகினார். கார் உடனே உறுமியது. அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நல்லாத்தானே ஓடுது சார்?"

"இப்ப ஓடுது. உங்களப் பாத்ததும் ஓடுது" என்றேன்.

ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜெசிந்தா காபி கொடுத்தாள். அவர் கிளம்பும்போது, "அவசரம்னா நேரா எனக்கே அடிங்கக்கா" என்று தன் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனார். அவள் அதைப் போனில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "என்கிட்ட அட்டை இருக்கு, இது எதுக்கு?" என்று சிரித்தேன். மாமனார் அட்டையை வாங்கி மறுபடி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். ஒரு வாரம் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது தடவை என் மச்சினன் சேவியர். தாடிக்கொம்பில் ஒரு விசேஷத்துக்கு என் காரை வாங்கிக்கொண்டு போனான். டயர் பஞ்சர். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, துரைக்குக் கையும் இருக்கிறது. ஆனால் கட்டியிருந்தது புது வேட்டி. "அழுக்காயிரும்ல அத்தான், அதான் நம்ம அட்டைக்குப் போட்டேன்" என்றான். நம்ம அட்டை! எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. மூன்றாவது மறுபடியும் நானே. வழியில் பெட்ரோல் தீர்ந்தால் ஐந்து லிட்டர் கொண்டுவந்து தருவார்கள் என்று முன்பக்கத்திலேயே போட்டிருந்தது. இலவச பெட்ரோலை விடுவானேன் என்று முள் அடிக்குப் போய் ஒட்டும்வரை ஓட்டினேன். வந்த ஆள், கொண்டுவருவதுதான் இலவசம், பெட்ரோலுக்குக் காசு கொடுங்கள் என்றான். அதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை லூர்துமேரிக்குக் கல்யாணம் அந்த வருடம்தான் கூடி வந்தது. அப்பா இல்லாததால் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவன் நான். மாப்பிள்ளை ஆல்பர்ட்டுக்குக் குவைத்தில் வேலை. சொந்த ஊர் கன்னிவாடிக்குப் பக்கத்துக் கிராமம், கல்யாணம் அந்த ஊர்க் கோயிலில். நாள் குறித்த பிறகுதான் விஷயமே உறைத்தது. கல்யாணம் செவ்வாய்க்கிழமை. அதற்கு மறுநாள் சாம்பல் புதன். அன்றிலிருந்து தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கோயில்களில் தாலி ஏறாது. ஆல்பர்ட்டின் லீவோ ஈஸ்டருக்கு ரொம்ப முன்னாலேயே முடிகிறது. செவ்வாய் தவறினால் அடுத்த லீவுக்கு அவர் வரும்வரை, அதாவது இரண்டு வருடம் லூர்து காத்திருக்க வேண்டும்.

பங்குச்சாமியார் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். "பத்து மணிக்குப் பூசை. அடுத்த ஊர்ல எனக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு. பத்தரை வரைக்கும் நிப்பேன். அதுக்கு மேல என்னத் திட்டிப் பிரயோஜனம் இல்ல."

"பொண்ணுக்கு ஒரு டாக்சி பேசிருவோங்க" என்றாள் ஜெசிந்தா. கேட்பேனா? பூ அலங்காரம் செய்த என் காரில், அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நானே ஓட்டிப்போவேன் என்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் நான், ஜெசிந்தா, சேவியர், வெள்ளைப் பட்டும் தலையில் முக்காடாக வெள்ளை நெட்டுமாக லூர்து.

ரெட்டியார்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரம். கார் இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. திருகினேன், திருகினேன், ஒரு சத்தமும் இல்லை. இந்தத் தடவை பாவனை இல்லை. மணி ஒன்பதே கால்.

அந்த நிமிடமே பின்னால் ஒரு டவுன் பஸ் வந்தது. கன்னிவாடி போகிற பஸ். டிரைவர் பூவையும் பொண்ணையும் பார்த்து அவராகவே நிறுத்தினார். "அண்ணே, ஏறிருவோம்ணே, எனக்கு ஒண்ணும் கூச்சம் இல்ல" என்று லூர்து கதவைத் திறந்துவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணு டவுன் பஸ்லயா? உக்காரு தாயி. அட்டை எதுக்கு இருக்கு?" என்று சொல்லி, பஸ்காரரிடம் அட்டையை உயர்த்திக் காட்டி, போகலாம் என்று கையசைத்தேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பதினொரு மணிக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

கம்பெனிக்குப் போட்டேன். தேனொழுகும் குரலில் ஒரு பெண். நம்பர் கேட்டாள், செத்த நேரம் பாட்டுப் போட்டாள், திரும்ப வந்தாள். "சாரி சார், வெள்ளி பிளான்ல உங்க மூணு சர்வீஸும் முடிஞ்சிருச்சு."

"அதெப்படிம்மா? வண்டி நின்னதே இன்னைக்குத்தான் முதல் தடவ!"

"முதல் சர்வீஸ் உங்க வீட்டு வாசல்ல சார். வண்டியில குறை எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரெண்டாவது டயர் மாத்தினது. மூணாவது பெட்ரோல்."

ஜெசிந்தா என் காதோடு காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "குறை எதுவும் இல்லையா? அப்ப அன்னைக்கு ஸ்டார்ட் ஆகலன்னு கத்துனது?" நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். "பெட்ரோலா? அது எப்ப?" என்று அந்தப் பக்கமும் வந்தாள். லூர்து சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். இரண்டு வருடம்! என் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நிஜமாகவே நினைத்தேன்.

"தங்கச்சி, காசு கட்டுறேன், வண்டி அனுப்பும்மா, தூக்கிட்டுப் போய்க் கோயில்ல விட்டுரட்டும்" என்று கெஞ்சினேன்.

"காசு கட்டினாலும் பக்கத்துல இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குத்தான் சார் தூக்குவாங்க. உங்களுக்குத் திண்டுக்கல். பேசஞ்சர்ஸ ஏத்த மாட்டாங்க. கோயில் எங்க லிஸ்ட்ல இல்ல சார்."

வேனில் போனவர்கள் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் மலையடிவாரம், டவர் இல்லை. எதிர்த் திசையில் இரண்டு லாரிகள் போயின. சேவியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நாம வேணா தள்ளுவமா அத்தான்?" என்றான். பஞ்சர் அன்று வராத வீரம் அப்போது வந்தது.

ஜெசிந்தாதான் போனை எடுத்தாள். "காதர் பாயா? நான் அன்னைக்குக் காபி போட்டுக் குடுத்தேன்ல, வாத்தியார் வீடு..."

ஒட்டன்சத்திரத்தில் ஒரு வண்டியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். ஒன்பதே முக்காலுக்கு வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும், "இன்னைக்காச்சும் நெசமா நின்னுச்சா சார்?" என்றார்.

"பாய், உங்க ரூல் எல்லாம் தெரியும். ஆனா..."

"கம்பெனி அனுப்பினாத்தான் சார் ரூலு. அப்ப நான் திண்டுக்கல்லுக்குத்தான் தூக்கணும், ஆள ஏத்தக் கூடாது. இப்ப என்னக் கூப்பிட்டது அக்கா. இது என் வண்டி, அது எம் பொறுப்பு. எந்தக் கோயில்னு சொல்லுங்க."

அதாவது என் அட்டையில் ஒரு தடவை மிச்சம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கார் மட்டும் முறைப்படி திண்டுக்கல்லுக்குத் திரும்பியிருக்கும், லூர்துவும் நாங்களும் ரோட்டில் நின்றிருப்போம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேர்க்கிறது.

காதர் பாயின் கேபினில் இருந்த இன்னொரு சீட் முழுக்க கிரீஸ். வெள்ளைப் பட்டோடு அதில் லூர்து உட்கார முடியாது. "தங்கச்சி கார்லயே இருக்கட்டும். சங்கிலி போட்டுக் கட்டிர்றேன், மெதுவாப் போவோம்" என்றார். பலகையைச் சாய்த்து, காரை ஏற்றி, நாலு சக்கரத்தையும் இறுக்கிக் கட்டினார். காருக்குள் லூர்து, பக்கத்தில் நெட்டைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா, முன் சீட்டில் சேவியர். கிரீஸ் சீட் எனக்கு. நான் போட்டிருந்தது சந்தனக் கலர் கோட் சூட்.

ஊருக்குள் நுழைந்தபோது மணி பத்து இருபது. எங்கள் ஊர்ப்பக்கம் திருவிழாவில் மாதா சொரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுவருவார்கள். ஆளுயரத்துக்கு மேலே, பூ கட்டிய வெள்ளைக் கார், கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடுத்தித் தலையில் நெட் போட்ட ஒரு உருவம். முதல் தெருவில் குழாயடியில் நின்ற ஒரு அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்தவரும் போட்டார். மூன்றாவது வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். கோயில் முன்னால் அசந்துபோய் நின்ற பேண்டு செட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் என்ன வாசிப்பதென்று குழம்பி, திருவிழாவுக்கு வாசிக்கிற மாதா பாட்டையே எடுத்துவிட்டார்கள். ஒருவர் வெடி கொளுத்தினார்.

லூர்துவோ உள்ளேயிருந்து மெல்லக் கையை அசைத்துக்கொண்டே வந்தாளாம். "அம்புட்டுப் பேரு கும்பிடுறாங்கண்ணே, சும்மா எப்படி இருக்கிறது?" என்று பிறகு கேட்டாள்.

கோயில் வாசலில் பங்குச்சாமியார் கையில் பையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருகில் ஆல்பர்ட், வெளுத்த முகத்தோடு. காதர் பாய் லாரியைப் பின்பக்கமாகத் திருப்பி, பலகையைச் சாய்த்து, காரை இழுவைக் கம்பியில் மெல்ல மெல்ல இறக்கினார். அது வந்து சாமியாருக்கு இரண்டடி முன்னால் நின்றது. சேவியர் இறங்கிக் கதவைத் திறந்தான். சாமியார் மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"பொண்ணு மேலருந்து இறங்கி வந்து இன்னைக்குத்தான் பாக்குறேன். பத்து இருபத்தேழு. உள்ள வாங்க" என்றார்.

என் கையைப் பிடித்து லூர்து கோயிலுக்குள் நடந்தாள். நாங்கள் கடந்துபோகப் போக, இரண்டு பக்கமும் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு எழும்பியது. சந்தோஷம் என்று நினைத்தேன். ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. பின்பக்கமிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் என் கோட்டிலும் பேண்டிலும் கிரீஸ் அப்பிய கருப்பு, சீட்டின் அச்சு அப்படியே. முதல் வரிசையில் உட்கார வைத்திருந்த காதர் பாயும் ஒரு படத்தில் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காரை விற்கிறவரை எங்கள் வீட்டில் அதற்குச் சப்பரம் என்றுதான் பெயர். அதைவிட நிலைத்தது இன்னொன்று. எங்கள் குடும்பத்தில் யாராவது புது மிக்சி, புது போன் என்று எதையாவது வந்தவர்களுக்கு இயக்கிக் காட்டினால் உடனே நாலு குரல் எழும்பும்: "மூணுல ஒண்ணு போச்சு!"

போன மாதம் லூர்துவின் மகள் முதல் கார் வாங்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தாள். வண்டி நின்றால் உதவிக்கு வருகிற பிளானில் எதை எடுக்கலாம், மாமா என்று கேட்டாள். உட்கார வைத்துப் பாடமே நடத்தினேன். எத்தனை தடவை வருவான், எத்தனை கிலோமீட்டர் தூக்குவான், எங்கே கொண்டுபோய் இறக்குவான், ஆட்களை ஏற்றுவானா, பின்பக்கத்தைப் படி, இரண்டு தடவை படி. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

"நான் எடுத்திருக்கிறது நல்ல கம்பெனி. எம்புட்டு வேகமா வாரான்னு இப்பப் பாக்குறியா?" என்று கேட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

அடுப்படியிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. "ஒண்ணு போச்சு!"