கிரெமோனா வார்னிஷ்

எங்கள் வாவிக்கரை வீதியில் இத்தாலியைப் பற்றி அதிகம் பேசியவரும் இத்தாலிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவரும் ஒரே ஆள்தான். சவப்பெட்டி செய்யும், போத்துக்கீச வழிவந்த பறங்கித் தச்சர். கலியாண வீடுகளில் வயலினும் வாசிப்பார். முந்நூறு வருசத்துக்கு முன் கிரெமோனா என்ற இத்தாலிய ஊரில் வயலின் செய்தவர்களைப் பக்கத்து வளவுக்காரர் மாதிரிப் பேசுவதால், ஊர் அவருக்கு வைத்த பெயர் கிரெமோனா.

“தொண்ணூறு வயசிலயும் உளியைக் கீழ வைக்காத கிழவன் ஒருத்தன் இருந்தான். வேலையில பிழை பிடிக்கேலாது. அதே ஊரில இன்னொருத்தன், சரியான அவசரக்காரன். வயலின்ட தலையைக் கோணலாச் செதுக்கிப்போட்டுப் போயிருவான். இப்ப அந்தக் கோணலுக்குத்தான் கோடீஸ்வரனெல்லாம் அடிபடுறான்!”

அவர் செய்த பெட்டி ஒன்றின் மூடி கோணிக்கொண்டபோதும், செத்த வீட்டாருக்கு இதே கதையைத்தான் சொன்னார்.

வில்லைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். “பிரான்சில மணிக்கூட்டு வேலை பழகின ஒருத்தன்தான் வில்லுக்கு வளைவு குடுத்தவன். மரம் எங்க இருந்து? பிரேசில். பிரேசிலைப் பிடிச்சது ஆர்? எங்கட போத்துக்கீசன்!” தானே மரத்தைச் சுமந்து கப்பலேற்றியவர் போல நெஞ்சைத் தட்டுவார்.

கிரெமோனாக்காரர் பூசிய வார்னிஷைக் கண்டுபிடிப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. குங்கிலியம், ஆளிவிதை எண்ணெய், சாயவேர் எல்லாம் போட்டுக் காய்ச்சுவார். அந்த மணத்தில் எங்கள் வீதி நாய்கள் இடம்பெயர்ந்தன.

அப்போதுதான் மாரி மழையோடு தொம்மை அண்ணன் செத்துப்போனார். கலியாண வீடுகளில் கிரெமோனாவின் வயலினுக்கு றபான் மேளம் அடித்தவர். விடியும்போது பெட்டி வந்து இறங்கியது. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. தூக்கியவர்களில் நானும் ஒருவன். சவக்காலைக்குப் போய்ப் பெட்டியை இறக்கப் பார்த்தால் அது இறங்கமாட்டேன் என்றது. கை ஒட்டிவிட்டது, சட்டை ஒட்டிவிட்டது, எனக்குக் கன்னமும் ஒட்டிவிட்டது. சுவாமியார் செபத்தை நிறுத்திவிட்டார்.

தொம்மை அண்ணனின் மனைவி ரோசலின் அக்கா கத்தினார்: “ஓய் கிரெமோனா! என்ர மனிசன் என்ன பலாப்பழமா?”

“அங்க இதை மாசக்கணக்கா வெயிலில காயவிடுவாங்கள்...” என்று தொடங்கியவரின் குரல் உடைந்தது. “இத்தனை வருசத்தில ஒரு நாள் அவன் தாளம் தப்பினதில்ல. அவனுக்குப் போய்க் கடை வார்னிஷா பூசுவன், ரோசலின்?”

கிரெமோனா மண்ணெண்ணெய்த் துணியோடு வந்து எங்கள் கைகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். பெட்டி குழிக்குள் இறங்கியதும் வயலினை எடுத்து, இருவரும் வழக்கமாய் வாசிக்கும் கலியாண ஆட்டப் பாட்டை வாசித்தார். றபான் வரவேண்டிய இடங்களில் மட்டும் வில்லைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றார்.

சவக்காலை வாசலில் ரோசலின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னார்: “எனக்கும் அதே வார்னிஷ்தான் பூசோணும்.”

“அது காயக் கன காலம் எடுக்கும் ரோசலின்,” என்றார் கிரெமோனா. “நீ அவசரப்படாம ஆறுதலாப் போ.”