வாடல் கங்காணியும் துரைசானியின் பியானோவும்

பியானோ வாசிப்பை உள்ளங்கையில் வைத்து எடைபோட்ட மனிதர் இலங்கைத் தீவில் ஒருவர்தான் இருந்தார். மாத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அவரை வாடல் கங்காணி என்று அழைத்தோம். பெற்றோர் வைத்த பெயரை அவரே மறந்திருக்கக்கூடும்.

தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் மேல்மாடியில் பறித்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி, அது பதமாக வாடும்வரை காவல் இருப்பது அவர் வேலை. அந்தக் காவலில் அவர் எல்லை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. மாடியில் ஒருவரையும் தும்ம விடமாட்டார். தன் கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு மேல்மாடிக்கு ஏறிய அவரை மறுநாள் காலையில் பெண்வீட்டார் வந்து அழைத்துப் போனதாகக் கேள்வி. ஒருமுறை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே சுருட்டோடு படியேறினார். "தொரைங்களே, கொழுந்து தூங்குதுங்க" என்று கங்காணி வழியை மறித்தார். துரை சுருட்டை அணைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் அத்தோட்டத்து அலுவலகத்தின் பெரிய கிளாக்கர். கண்டியில் கல்லூரிப் படிப்பு. அங்கேயே முறையாகப் பியானோவும் பயின்றவன்.

மழை மாதங்களில் பங்களாவின் ஈரத்தில், துரையின் மனைவியான துரைசானியின் பியானோ ஊறி, கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மழை தொடங்கியதும் எட்டுப் பேர் அதைச் சுமந்து மேல்மாடிச் சூட்டுக்குக் கொண்டுவருவார்கள். கிறிஸ்மஸுக்குத் திரும்பவும் சுமப்பார்கள். கிறிஸ்மஸ் தேநீர் விருந்தில் நிதானமான மேனாட்டு இசைத்துண்டு ஒன்றை வாசிப்பது என் பொறுப்பு.

முந்திய ஆண்டு நான் வாசித்து முடித்ததும், பக்கத்துத் தோட்டத்துத் துரை, கடிதம் டைப் அடித்து முடிந்ததா என்று வினவினார். சிரிப்பு, சமையல்காரர் நின்ற குசினிவரை போயிற்று. ஒரே வாரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளுக்கும் நான் 'டைப்பு ஐயா' ஆனேன். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால், ஓய்வுபெறும் நாள்வரை அந்தப் பெயர் என்னை விடாது.

எனவே மாலைதோறும் மேல்மாடியில் பயிற்சி செய்தேன். மெதுவான துண்டுதானா என்று இரண்டு முறை கேட்ட பின்பே கங்காணி அனுமதி தந்தார். பத்தாம் நாள் என் பின்னால் வந்து நின்றார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது இன்னும் வாடலீங்க."

எது வாடவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வாசிக்கிறதுதாங்க."

ஒரு பிடி கொழுந்தை இறுக்கிக் கையை விரித்தார். பச்சை இலை விறைப்பாகத் துள்ளிச் சிதறியது. வாடிய வேறொரு தட்டிலிருந்து மற்றொரு பிடி. அது உள்ளங்கையில் உருண்டையாகக் கிடந்து மெல்ல மெல்ல விரிந்தது.

"ஐயா வெரலு பச்சை இலைங்க. அமுக்குன ஒடனே துள்ளி எந்திரிக்குது. கொஞ்சம் கெடந்து தானா வரட்டுங்க."

எனக்குப் பாடம் சொல்ல ஒரு கங்காணியா என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், அவர் சாப்பாட்டுக்கு ஒதுங்கிய வேளை பார்த்து ஏறினேன். ஒவ்வோர் அடியின் கடைசிச் சுரத்தையும் விரலடியில் கிடத்தி, அது அடங்கும் வரை காத்திருந்து பிறகே விரலை எடுத்தேன். ஆறு ஆண்டுகளாக வாசித்த துண்டுக்குள் அத்தனை வருத்தம் இருந்தது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

படியடியில் சோற்றுக் கோப்பையோடு நின்றவர், "இப்ப வாடுதுங்க" என்றார்.

விருந்தன்று நான் வாசித்து முடித்தபோது, கிண்டல் செய்த துரையின் தேநீர் கையிலேயே ஆறிப்போயிருந்தது. இப்படி வாசிக்க யாரிடம் கற்றீர்கள் என்று துரைசானி கேட்டார். பியானோ சுமந்து வந்தவர்களோடு கங்காணியும் வாசலில் நின்றிருந்தார்.

"கண்டியில், காலேஜில்" என்றேன்.

எங்கள் ஆங்கிலப் பேச்சில் 'காலேஜ்' என்ற அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கும் விளங்கியது. பக்கத்தில் நின்றவரிடம், "ஐயா காலேஜில படிச்சவரில்ல" என்று பெருமையோடு சொன்னார்.

அவர் இறங்கி வந்திருந்த அந்த நேரத்தில் மேலே ஒரு தட்டுக் கொழுந்து அளவுக்கு மீறி வாடிப் பாழாயிற்று. அத்தனை ஆண்டுச் சேவையில் முதல்முறையாக, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் ஏச்சு வாங்கினார். யாருக்காக இறங்கினார் என்பதை அவரும் சொல்லவில்லை.

மறுநாள் மேல்மாடிக்கு ஏறினேன். பியானோ இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"பொட்டி பங்களாவுக்குப் போயிருச்சுங்களே, ஐயா எதுக்கு வந்தீங்க?"

அவர் என்னைவிட நான்கு வயது இளையவர்.

"சும்மாதான் வந்தேன், அண்ணே" என்றேன்.