அமெரிக்கக் காதலுக்கு ஆதரவுத் தீர்மானம்

காதலைக் காப்பதில் கோவில்பட்டிக்கு இணையான ஊர் இந்தப் பூமியில் இல்லை. எங்கள் ‘ஓய்வுபெற்றோர் உலகத் திரைப்பட மன்றமே’ சாட்சி. செயலாளன் என்ற முறையில் நானே சொல்கிறேன். வேறு யாரும் சொல்வதாக இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன், தலைவர் மாயகிருஷ்ணன் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில், எழுபது வருடத்துக்கு முந்தைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படம் ஒன்றைத் திரையிட்டோம். கோடீஸ்வரன் மகளுக்கும் லாரி டிரைவருக்கும் காதல். அப்பன்காரன் குறுக்கே நிற்கிறான். முத்தம் வந்தால் புரொஜக்டரைக் கையால் மறைப்பது துணைத்தலைவர் குருசாமியின் ‘பொறுப்பு’. நேர்மையான மனிதர். எந்த முத்தத்தையும் முழுசாகப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் மறைக்க மாட்டார்.

அப்பன் மகளை அறையில் பூட்டியதும் அண்ணாச்சி நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

“ஏலே கல்நெஞ்சுக்காரா! சின்னஞ்சிறுசுகளச் சேத்து வையிலே!”

“அண்ணாச்சி, அவனுக்குத் தமிழ் தெரியாதே,” என்றேன்.

“கண்ணீரு தெரியும்லா?”

மகள் ஜன்னல் வழியே குதித்து டிரைவரோடு ஓடினாள். உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேரும் தேம்பினோம். அங்கேயே அந்த அப்பனைக் ‘கண்டித்து’ ஒருமனதாகத் தீர்மானம். அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு நகல்.

அப்போது அண்ணாச்சி மகள் யோகலட்சுமி எழுந்தாள். பக்கத்தில், படம் ஓட்டிய நாகலாபுரம் ஜெஸ்டின்.

“அப்பா, நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் முடிக்கப் போறோம்.”

அழுகை நின்றது. அண்ணாச்சி நாற்காலியை விட்டு இறங்கினார்.

“ஏட்டி, அது படம்! கறுப்பு வெள்ளை!”

“அப்ப கல்யாணப் போட்டோவ கறுப்பு வெள்ளையிலயே எடுத்துருதோம், அண்ணாச்சி,” என்றான் ஜெஸ்டின்.

உடனே ‘அவசரக் கூட்டம்’. முதல் தீர்மானம் அமெரிக்க எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்று இரண்டாம் தீர்மானம். எழுதியது நான்தான். முத்துமுத்தான கையெழுத்து.

போன வாரம் யோகலட்சுமி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். மூணு சாட்சி வேணும். நீங்க வாரியளா?”

“வந்துருவேம்மா. முழங்கால்தான் மடக்க முடியல.”

“குருசாமி மாமாவும் முழங்கால்னுதான் சொன்னாவ.”

எங்கள் மன்றத்தின் ஒற்றுமை அத்தகையது. அவள் எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் போனாள். எல்லோருக்கும் முழங்கால்.

கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது, அண்ணாச்சியிடம் தீப்பெட்டி ஒட்டும் சீனித்தாயும் இன்னும் இரண்டு பெண்களும். வேலை போகும் என்று தெரிந்தே வந்தார்களாம். போயும் விட்டது. இத்தனைக்கும் அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. உயர்ந்த காதலைப் புரிந்துகொள்ளும் ‘தகுதி’ போதாது என்று, கொட்டகை வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள்தான்.