கிளெமென்டின் இடது கையில் ஓர் இரும்புச் சாவி

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று நம் மக்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கிறது. அது நிற்கும்போது கையில் சாவி இருந்தால் சாவிக்குப் பெருமை, செருப்பு இருந்தால் செருப்புக்குப் பெருமை. வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டும் பிரிவினரும் உண்டு. கையில் பஸ் டிக்கெட்டைக் கொடுத்தாலும் வலிப்பு நிற்கும். இதுவரை யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதால் டிக்கெட்டுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் நடைபாதைப் பேணல் வாரியத்தின் குறைகேட்பு அலுவலகம் இருக்கிறது. நடைபாதையில் கல் பெயர்ந்தாலும் சாக்கடை மூடி காணாமல் போனாலும் மக்கள் அங்கே வந்து மனு கொடுக்கலாம். மனுவுக்கு ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்த திருப்தியில் மக்கள் அதே நடைபாதையைத் தவிர்த்துவிட்டு நடுரோட்டில் நடந்து வீடு திரும்புவார்கள்.

மனுக்களுக்கு எண் போடுபவர் கிளெமென்ட், லிங்கராஜபுரத்துக்காரர். சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது நடைபாதைக் கல் ஒன்று அவர் காலடியில் புரண்டது. சாக்கடைக்குள் விழுந்தார், தலை அடிபட்டது. மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை டாக்டர்கள் திறந்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். வாரியம் உடனே விசாரணை நடத்தியது. அவர் விழுந்த இடம் நடைபாதை அல்ல, நடைபாதை இருந்திருக்க வேண்டிய இடம் என்று விசாரணையில் தெரியவந்தது. அப்படிப்பட்ட இடங்கள் வாரியத்தின் அதிகாரத்துக்குள் வருவதில்லை.

அன்று விழுந்ததில் இரண்டு விஷயங்கள் அவரோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டன. ஒன்று, எப்போதாவது வரும் வலிப்பு. மற்றொன்று, இடது கையில் ஓயாத எரிச்சல். கையில் காயம் ஏதும் இல்லை, கையிலிருந்து வரும் செய்தியைப் படிக்கும் மூளையில்தான் காயம். அதனால் மூளை எல்லாச் செய்தியையும் தீ என்றே படித்தது. மின்விசிறிக் காற்று பட்டால் வெந்நீர் ஊற்றியதுபோல் இருக்கும். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் தோள்வரை பற்றி எரியும். பழைய பனியன் துணியில் அவர் மனைவி ஆஞ்சலா தைத்துக் கொடுத்த தளர்வான உறை ஒன்று எப்போதும் அந்தக் கையில் இருக்கும்.

மாத்திரையைத் தவறவிடாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். கைவலியோ இரவில்தான் உச்சத்தில் இருக்கும். விடியப்போகும் நேரத்தில் அது கொஞ்சம் சலித்துப்போய் அடங்கும்போது கிளெமென்ட் தூங்குவார். அலுவலகம் பத்து மணிக்கு என்பதால் அந்த விடியற்காலைத் தூக்கம் அவருக்குக் கிடைத்துவந்தது. உலகத்திடம் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஒரு மார்கழி மாதத்தில் அலுவலகத்திலேயே முதல் தடவையாக அவருக்கு வலிப்பு வந்தது. நாற்காலியிலிருந்து சரிந்தார். அலுவலகத் தலைவர் பத்ரிநாத் அறையிலிருந்து ஓடிவந்தார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து குடும்பமே அரசாங்க உத்தியோகம். நெருக்கடியில் முடிவெடுப்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. காவலாளி முனிராஜின் இடுப்பிலிருந்து வாசல் சாவியைப் பிடுங்கி, கிளெமென்டின் இடது கையில் திணித்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பூட்டின் சாவி அது. சாண் நீளம், நல்ல கனம், மார்கழிக் குளிரில் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. சிறிது நேரத்தில் வலிப்பு நின்றது. பத்ரிநாத் வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்த பார்வையில் பதவி உயர்வின் சாயல் இருந்தது.

மறுநாள் கிளெமென்ட் அவர் அறைக்குப் போனார்.

"சார், ரொம்ப தேங்க்ஸ். இனிமே அப்படி வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கடியில எதாவது துணி வெச்சாப் போதும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா மட்டும் ஆஸ்பத்திரி. சாவி வேணாம் சார். கை ராத்திரியெல்லாம் எரிஞ்சுது."

"சாவி குடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல சார்."

"வலிப்பு நின்னது ஞாபகம் இருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எப்படிப்பா வேணாம்னு சொல்றே? கூட இருந்து பார்த்தவன் நான்."

கிளெமென்ட் ஒரு படி இறங்கினார். "வலது கையிலயாவது குடுங்க சார்" என்றார்.

"இடது கையில என்ன?"

"வலி சார்."

பத்ரிநாத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறையை விலக்கி அந்தக் கையைக் கவனமாகப் பார்த்தார். "வீக்கம் இல்ல. காயம் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். பிறகு ஐயம் தீர ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். கிளெமென்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இப்பவும் ஒண்ணும் தெரியல" என்றார் பத்ரிநாத், பரிவோடு.

இதற்குள் தலைமை அலுவலகத்தில் ஒரு புதுக் காற்று அடித்திருந்தது. 'அனைவரையும் அரவணைக்கும் பணியிடம்' என்ற திட்டத்துக்காக அம்ருதா என்ற ஆலோசகரை நியமித்திருந்தார்கள். அம்ருதா மண்ணிற லினன் குர்தாவில், மூங்கில் தண்ணீர்ப் புட்டியோடு வந்தார். எல்லோருக்கும் ஊதா ரிப்பன் கொடுத்து, கண்களை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அரவணைக்கப்பட வேண்டியவர் யார் என்று கேட்டார். எல்லோரும் கிளெமென்டைக் காட்டினார்கள்.

கிளெமென்டுக்கு நம்பிக்கை பிறந்தது. படித்த பெண், சொன்னால் புரிந்துகொள்வார்.

"மேடம், அந்தச் சாவி விஷயம் மூடநம்பிக்கை. டாக்டரே சொல்லிட்டார்."

அம்ருதாவின் முகம் சற்று வாடியது. "அந்த வார்த்தையை நாம யூஸ் பண்றதில்ல கிளெமென்ட். அது நம்ம மக்களோட வாழும் ஞானம். சயின்ஸும் இதையேதான் சொல்லுது, டாக்டைல் கிரவுண்டிங்னு, கையில எதையாவது பிடிச்சு மனசை நிலைப்படுத்தறது. வெளிநாட்டுல இதுக்குன்னே மெட்டல் பால் விக்கறாங்க."

"அது பதட்டத்துக்கு மேடம். இது வலிப்பு. எனக்கு வேண்டியது தூக்கம்."

"தூக்கத்துக்கு ஒரு ஆப் இருக்கு. லிங்க் அனுப்பறேன்."

இப்படியாக வாழும் ஞானமும் நவீன அறிவியலும் கைகோத்து ஒரு சுற்றறிக்கை பிறந்தது. 'மேற்படி இரும்பு உபகரணம் பயனாளியின் வசம் எந்நேரமும் இருத்தல் வேண்டும். எக்காரணம் கொண்டும் அது அவரிடமிருந்து பிரிக்கப்படலாகாது. மீறி ஏற்படும் விளைவுகளுக்குப் பிரித்தவரே முழுப் பொறுப்பு.' கீழே பத்ரிநாத்தின் கையெழுத்து.

முனிராஜ் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஈஜிபுராவிலிருந்து விடியுமுன் கிளம்பிவந்து, பெருக்குகிறவர்களுக்காக ஏழு மணிக்கு வாசலைத் திறப்பது இத்தனை வருடமாக அவர் வேலை.

"தகோ, இந்தா கிளெமென்ட், வெச்சுக்கோ. நாளையிலேருந்து நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"அப்ப கதவை யார் திறப்பாங்கண்ணா?"

"சாவி யார்கிட்ட இருக்கோ அவங்கதான். வேற யாரு?"

கிளெமென்ட் மறுபடியும் பத்ரிநாத்தின் அறைக்குப் போனார்.

"சார், ஏழு மணிக்குத் திறக்கணும்னா நான் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். அப்பதான் சார் எனக்குத் தூக்கமே வரும். ஒரு டூப்ளிகேட் போட்டுரலாமே."

"டூப்ளிகேட் பித்தளையிலதான் வரும். சுற்றறிக்கை இரும்புன்னு சொல்லுது."

"டூப்ளிகேட்ட முனிராஜண்ணன் வெச்சுக்கட்டும் சார். இரும்பு என்கிட்டயே இருக்கட்டும்."

பத்ரிநாத் யோசித்தார். யோசனையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாததால் அவருக்குச் சந்தேகம் வந்தது. "ஒரு வாசலுக்கு ரெண்டு சாவின்னா பாதுகாப்புப் பிரச்சினை. மேலிடத்துல கேக்கணும். நீ எதுக்குப் பயப்படறே? சாவிதான் உன்கிட்டயே இருக்கே."

கிளெமென்ட் தூக்கம் விழிக்கத் தொடங்கினார். எப்போதாவது வந்த வலிப்பு அடிக்கடி வரலாயிற்று. ஒருமுறை வாசலைத் திறக்கும்போதே வந்தது. ஒருமுறை பஸ்ஸில் வந்து, பக்கத்தில் இருந்தவர் தன் வீட்டுச் சாவியையும் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பெறக் கடைசி நிறுத்தம் வரை போக நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் சாவி கையில் இருந்தது, ஒவ்வொரு முறையும் வலிப்பு நின்றது. அம்ருதா இதை வரைபடமாகப் போட்டுத் தலைமை அலுவலகத்தில் காட்டினார். சாவியின் வெற்றி விகிதம் நூறு சதவீதம். வலிப்பு அதிகமாகியிருக்கிறதே என்று அங்கே யாரோ கேட்டார்கள். அதனால்தான் வெற்றிகளின் எண்ணிக்கையும் அதிகமாகியிருக்கிறது என்று அவர் விளக்கினார். கை தட்டினார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், அலாரம் அடிப்பதற்கு முன்பே, கிளெமென்டுக்கு வீட்டில் வலிப்பு வந்தது. ஆஞ்சலா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நின்றதும் வாயைத் துடைத்துவிட்டாள். கிளெமென்ட் அப்படியே தூங்கிப்போனார். நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, இடது கை உறைக்குள் அசையாமல் கிடக்க, பல வாரங்களில் அவள் பார்க்காத தூக்கம். அவள் அலாரத்தை நிறுத்தினாள், போனையும் அணைத்தாள்.

பத்தரை மணிக்குப் பத்ரிநாத் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆஞ்சலா கதவைப் பாதி திறந்து வாசலிலேயே நின்றாள்.

"கிளெமென்ட் எங்கேம்மா?"

"தூங்கறார் சார். மெதுவாப் பேசுங்க."

"ஆபீஸ் இன்னும் திறக்கல. பப்ளிக் எல்லாம் ரோட்டுல நிக்கறாங்க."

"நிக்கட்டும் சார். காலைல அவருக்கு வந்துருச்சு."

"அடடா. சரி, எழுப்ப வேண்டாம். சாவியை மட்டும் குடு."

"தாராளமாக் குடுக்கறேன். ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

"என்னன்னு?"

"அவர்கிட்டேருந்து சாவியை நான்தான் பிரிச்சேன், என்ன ஆனாலும் நான்தான் பொறுப்புன்னு. உங்க சர்க்குலர்ல அப்படித்தானே போட்டிருக்கீங்க? ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன், தினம் படிக்கறேன்."

பத்ரிநாத் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூன்று தலைமுறை உத்தியோக ரத்தம் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. மூடியை மூடினார்.

"சாவி வேலை செய்யாதுன்னு நீயும் அவனும்தானேம்மா சொல்றீங்க?"

"நாங்க சொல்றோம் சார். நீங்க எழுதிக் குடுங்க."

அவர் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் போனார்.

அலுவலக வாசலில் நல்ல கூட்டம். மனுதாரர்கள், ஊழியர்கள், தண்ணீர்ப் புட்டியுடன் அம்ருதா, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்துடன் முனிராஜ். என்ன ஆயிற்று என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். "முறைப்படி நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சொல்லிக்கொண்டே பத்ரிநாத் நடைபாதையில் ஏறினார். எந்தக் கல் ஆடுகிறது என்று மனு கொடுக்க அன்றைய வரிசையில் பாதிப் பேர் வந்திருந்தார்களோ, அந்தக் கல்லின்மேல் கால் வைத்தார்.

கணுக்கால் சுளுக்கியது, முட்டி சிராய்த்தது, பயத்தில் மயக்கமும் வந்தது. அவ்வளவுதான். ஆனால் கூட்டத்துக்கு எது மயக்கம், எது வலிப்பு என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. "சாவி, சாவி" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. வாரியத்தின் அதிகாரபூர்வ உபகரணம் லிங்கராஜபுரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததால், மக்கள் தங்கள் பைகளில் கைவிட்டார்கள். வீட்டுச் சாவி, பீரோச் சாவி, ஸ்கூட்டர் சாவி, கடை ஷட்டர் சாவி என்று பத்ரிநாத்தின் இரு கைகளும் நிரம்பின. மிச்சத்தை மார்பின்மேல் வைத்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை. முனிராஜ் மட்டும் அம்ருதாவின் மூங்கில் புட்டியை வாங்கி முகத்தில் தண்ணீர் தெளித்தார். பத்ரிநாத் கண் திறந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய அன்று அம்ருதா அறைக்கு வந்தார்.

"கடைசியா பணியிடத்துல விழுந்தவர் நீங்க சார். அதனால இனிமே பயனாளி நீங்கதான். கிளெமென்ட் சாவியை ஒப்படைச்சுட்டார்."

"எனக்கு வலிப்பு இல்லம்மா. கல்லு தடுக்கி விழுந்தேன்."

"சாவி குடுத்ததும் கண் திறந்தீங்களே."

"அது தண்ணி தெளிச்சதால."

"தண்ணி தெளிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

பத்ரிநாத் இப்போது ஏழு மணிக்கு வந்து வாசலைத் திறக்கிறார். கிளெமென்டின் கை முன்போலவே எரிகிறது. விடியற்காலையில் தூங்கிவிட்டுப் பத்து மணிக்கு வந்து எண் போடுகிறார்.

அன்று கொடுத்த சாவிகளில் பெரும்பாலானவை உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. யசோதா என்ற மனுதாரரின் ஸ்கூட்டர் சாவி மட்டும் ஆம்புலன்ஸோடு போனது போனதுதான். வண்டி பூட்டியபடி அலுவலக வாசலிலேயே நிற்கிறது. அது நடைபாதையை மறிப்பதாக ஒரு மனு வந்திருக்கிறது. கிளெமென்ட் அதற்கு எண் போட்டிருக்கிறார்.