அவுட்பாக்ஸில் சிக்கிய மாமனார்

அன்று காலை ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் யார் வீட்டுக் கம்ப்யூட்டரையும் தொட மாட்டேன்! சபதம் எடுத்தது எட்டு மணிக்கு. எட்டு ஐந்துக்கு என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"என்னங்க, அப்பா கம்ப்யூட்டர்ல பத்து நாளா மெயில் போகவும் இல்லையாம், வரவும் இல்லையாம். போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா."

"அதான் சொல்றேன். மத்த நாள்ல ஆபீஸ்ல போய்ச் சும்மா உக்காரணுமே உங்களுக்கு."

"அது நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கம்ப்யூட்டர். அதெல்லாம் இனிமே தேறாது."

"நீங்களும் அதே வருஷத்து மாடல்தான். நான் வெச்சு ஓட்டலையா?"

சட்டையை மாட்டினேன்.

உங்களிடம் மட்டும் ஒரு உண்மையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது இரண்டே வித்தை. ஒன்று, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. இரண்டு, அதற்கும் மசியாவிட்டால் "வைரஸ்" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எழுந்துவிடுவது. எப்போதோ பக்கத்து வீட்டில் கழன்று கிடந்த ஒரு ஒயரைச் சொருகப்போய், சொந்தபந்தம் முழுக்க நான் கம்ப்யூட்டர் புலி ஆகிவிட்டேன்.

மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதுவாக இருந்தாலும் எழுத்தில் போகவேண்டும் அவருக்கு. பெற்ற பெண்ணோடு போனில் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும், அதை மெயிலில் அனுப்பி உறுதிப்படுத்தினால்தான் பேசியதாகவே ஒத்துக்கொள்வார்.

"வாங்க மாப்பிள்ளை. ஒரு முக்கியமான லெட்டர் பத்து நாளா போகமாட்டேங்குது. அது போனாத்தான் அடுத்த காரியம் நகரும்."

"கவலைய விடுங்க மாமா. அஞ்சு நிமிஷம்."

பட்டனை அமுக்கினேன். திரையில் வெளிச்சம் வருவதற்கே ஐந்து நிமிஷம் ஆனது. முதல் வித்தையைக் காட்டினேன். அணைத்தேன், போட்டேன். மறுபடி அணைத்தேன், போட்டேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு பல்குத்தும் குச்சியும் இரண்டு மாத்திரையும் விழுந்தன.

"அட, இதைத்தான் தேடிட்டிருந்தேன்!" என்று மாத்திரைகளை எடுத்துக்கொண்டார் மாமனார்.

'வைரஸ்' என்று வாயெடுக்கப் போனவன், தற்செயலாக அவுட்பாக்ஸைத் திறந்துவிட்டேன். அங்கே ஒரே ஒரு லெட்டர், முப்பத்து நாலு போட்டோவைச் சுமந்துகொண்டு, குறுகிய சந்தில் மாட்டிய லாரியாக நின்றது. அது நகராமல் உள்ளே வரவேண்டியதும் வரவில்லை. அடடா, கண்டுபிடித்துவிட்டேனே! என் திறமையை நினைத்து எனக்கே மெய்சிலிர்த்தது.

"மாமா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவர் உள்ளே போனார். லெட்டரைத் திறந்தேன். பெறுநர், என் மனைவி.

'பொருள்: மூன்று மாதம் தங்க வருதல், தொடர்பாக. பார்வை: நமது தொலைபேசி உரையாடல். மாப்பிள்ளையின் அறையை எனக்கு ஒதுக்கியமைக்கு நன்றி. அவருக்கு ஹாலே காற்றோட்டமாக இருக்கும் என்ற உன் கருத்து ஏற்கப்படுகிறது. உடன் கொண்டுவரும் பொருட்களின் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இக்கடிதம் கிடைத்ததாகத் தெரிவித்ததும் புறப்படுவேன்.'

அடிப்பாவி! என் அறையையா? அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்தப் பத்துக்குப் பத்து ஒன்றுதான். நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே இடம். அங்கேதான் நான் வாயைத் திறந்து தைரியமாகக் குறட்டை விடுவேன். அதைத் தூக்கித் தாரை வார்த்துவிட்டு எனக்குக் காற்றோட்டமாம்!

ஆனால் ஒன்று. லெட்டர் போனால்தானே மனிதர் கிளம்புவார்? போகாவிட்டால்? வாழ்க்கையில் முதல்முறையாக என் மூளை மின்னலாக வேலை செய்தது. அழித்தேன். குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தேன்.

மாமனார் தம்ளரோடு வந்தார். "என்னாச்சு மாப்பிள்ளை?"

"எல்லாம் சரியாயிடுச்சு மாமா. அந்த லெட்டரும் ஜம்முனு போயிடுச்சு!"

சொல்லி வாய் மூடவில்லை, அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் திபுதிபுவென்று இறங்க ஆரம்பித்தது. நாற்பத்தொரு மெயில். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டினார். வந்த தபாலை உரக்கப் படித்தால்தான் அவருக்குப் படித்த மாதிரி.

"அட, முதல் மெயிலே நம்ம பொண்ணுதான். இன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு அனுப்பியிருக்கா." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "'அப்பா, இது உங்களுக்கு வந்துட்டா கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். அவர் உங்க லெட்டரைப் பாத்திருப்பார். பாத்திருந்தா அழிச்சிருப்பார். அழிச்சிருந்தா, போயிடுச்சுன்னு சொல்லியிருப்பார். பன்னெண்டு வருஷமா குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா? திட்டாதீங்க, பாவம். நான் இங்கே அவர் கட்டிலை ஹாலுக்கு மாத்திட்டிருக்கேன். அது முடியற வரைக்கும் அவரை அனுப்பாதீங்க.'"

மாமனார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைக் குடித்தேன். தம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டே இருந்தேன்.

அவர் திட்டவில்லை. எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "எனக்கு ஒத்தை விரல்ல அடிக்க ரெண்டு நாள் ஆச்சு மாப்பிள்ளை. நீங்க புலியாச்சே, மளமளன்னு அடிச்சிடுவீங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க. பொருள்..."

அடித்தேன். என் அறையை நானே, என் பத்து விரலாலும், எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்தேன். அனுப்பப் போன நேரத்தில் தோளைத் தொட்டார்.

"ஒரு சின்னத் திருத்தம் மாப்பிள்ளை. மூணு மாசத்தை ஆறுன்னு மாத்திடுங்க. இந்தக் கம்ப்யூட்டரையும் கூடவே கொண்டுவந்துடறேன், ரிப்பேர் பாக்க ஆள் ஹால்லயே இருக்கே!"